இல்லலா அண்ணன்

குருண் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இல்லலா அண்ணனைப் போல ஊரையே மறுத்துப் பேசிய மனிதர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. "மழ வருதுண்ணே" என்றால், "இல்லலா, வானம் எச்சி துப்புது" என்பார். கல்யாண வீட்டில் பெண் லட்சணம் என்று யாராவது சொன்னால் அதற்கும் ஓர் இல்லலா. வம்பில்லாமல் அவர் சாப்பிட்டு எழுந்த பந்தி குறைவு.

ஜப்பான்காரன் காலத்தில் எனக்கு நாக்கில் புற்று வந்தது. அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் ஓரத்தை வெட்டியெடுத்தார்கள். தினமும் பேச வேண்டும், விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு மரத்துப்போகும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் என்னைப் பேச விட்டால்தானே? வாய் நிறைய வெற்றிலையோடு வந்து, என் எதிரிலேயே மென்றபடி, "பேசாதப்பா, வலிக்கும்" என்று அழுதார்கள். அந்தப் பாசமே என்னைப் பாதிப் பிணமாக்கியது. மரவள்ளிக் கஞ்சியைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இல்லலா அண்ணன் வந்தார்.

"செத்துருவாரு போலருக்குண்ணே" என்றாள் என் மனைவி.

"இல்லலா. சாவுறதுக்கும் சுறுசுறுப்பு வேணும். இவன் மரஞ்சீவுற லட்சணம் தெரியாதா? பால் வடியறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்."

தோட்டத்தில் என் கத்திக்கு இணை கிடையாது. கொதித்துப்போய் வாயைத் திறந்தேன். கொழகொழவென்று ஏதோ சத்தம்தான் வந்தது.

"என்னா? காதுல விழல. கஞ்சிய குடிச்சிட்டு தெம்பா திட்டு."

அவரைத் திட்டுவதற்காகவே குடித்தேன். ஒவ்வொரு மடக்கும் நெருப்பாக இறங்கியது. தினமும் வந்து நான் மரஞ்சீவுவதைப் பழித்தார். என் மனைவி துடைப்பத்தை எடுத்ததும் உண்டு. ஒரு சாயங்காலம், "போய்யா வெளியே" என்றேன், தெளிவாக.

"இல்லலா, கோவம் பத்தல" என்று எழுந்து போனார். வாசலில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக மனைவி பிறகு சொன்னாள்.

அடுத்த வாரம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில், சயாமில் ரயில் பாதை போட ஜப்பான் சிப்பாய்கள் ஆள் பிடித்தார்கள். "இவனும் தேறிட்டான்" என்று கங்காணி என்னைக் காட்டினான், நாசமாய்ப் போனவன்.

"இல்லலா, இவன் வாய்ப்புண்ணு தொத்திக்கும்" என்றார் அண்ணன். கூட வந்த துபாஷி அதை அவர்கள் மொழியில் சொன்னதும் சிப்பாய்கள் விலகி நின்றார்கள். ஆள் கணக்குக் குறையக் கூடாதென்று என் இடத்துக்கு அவரை லாரியில் ஏற்றினார்கள்.

லாரியின் பின்னால் ஓடினேன். "அண்ணே, திரும்பி வந்துருவீங்கதானே?"

"ஆமாலா தம்பி."

அவர் ஆமாம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சண்டை முடிந்து, சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர் வரவில்லை.

அன்றைக்கும் வழக்கம்போல இல்லலா என்று சொல்லிவிட்டு, வந்து நின்றிருக்கக் கூடாதா, அண்ணே?