சுமத்ரா சாம்பிராணி

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி. விளக்கு வைப்பதற்குள் சாம்பிராணி வேண்டும் என்று வந்து நின்ற பூக்காரி பூவம்மாவிடம், "சரக்கே இல்லை" என்றார் மருதப்பன்.

அதைச் சொன்னபோது மேல்மாடி அறையில் மூட்டை மூட்டையாகச் சாம்பிராணி இருந்தது.

"போன வாரம் மலை மாதிரி குவிச்சு வச்சிருந்தீங்களே அண்ணே?"

"போன வாரம் வேற. பேப்பர் படிக்கிறதில்லையா? இந்தோனேசியாக்காரன் நம்மகூட வியாபாரத்தை வெட்டிட்டான். சுமத்ராவிலேர்ந்து ஒரு படகு வராது. சாம்பிராணி மரம் அங்கதான் இருக்கு."

"எனக்கெதுக்கு மரம்? ஒரு கட்டி குடுங்க."

"தூள்கூட இல்லை."

பூவம்மா கடைக்குள் மூக்கை நீட்டி ஒருமுறை முகர்ந்துபார்த்தாள். பின்சந்து வழியாகப் போய்விட்டாள்.

சிங்கப்பூர் கேம்பல் லேனில் மருதப்பனுடையது பூஜைச் சாமான் கடை. பேப்பரில் உள்ளூர்ச் செய்தியை அவர் தொடுவதில்லை. வியாபாரம் உலகச் செய்தியில்தான் பிறக்கிறது என்பது அவர் கட்சி. ஏழு வருஷத்துக்கு முன்னால் சூயஸ் கால்வாய் மூடப்பட்டபோது, இனி லண்டன் பிஸ்கட் சிங்கப்பூருக்கு வராது என்று முடிவுகட்டி, டின் டின்னாக வாங்கி அடுக்கினார். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தன. பிறகு கால்வாயையும் திறந்துவிட்டார்கள். அந்த வீட்டில் வெகுநாள் காலைப் பலகாரம் பிஸ்கட்தான். தோசை வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவர் மனைவி பாக்கியலட்சுமி அதை மறக்கவில்லை.

"மறுபடியும் பிஸ்கட்டா?" என்று கேட்டிருந்தாள், மூட்டைகள் மாடியேறிய அன்று.

"இது வேற. தீபாவளி வரைக்கும் பொறு. ஊர்லயே என்கிட்ட மட்டும்தான் சாம்பிராணி இருக்கும். நான் சொன்னதுதான் விலை."

"வாடிக்கைக்காரங்க முகத்துல எப்படி முழிப்பீங்க?"

"ராஜதந்திரத்துல முகம் பார்க்கக் கூடாது."

"சரி. இதுவும் பிஸ்கட் ஆச்சுன்னா கடைச்சாவி என் கைக்கு வரணும்."

"தாராளமா."

தாராளமாகச் சொன்னாரே தவிர, கை தானாக இடுப்புக்குப் போனது. கடைச்சாவியும் மேல்ரூம் சாவியும் ஒரே வளையத்தில் அங்கேதான் தொங்கும். குளிக்கும்போதுகூட அவிழ்க்கமாட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கும்போது மட்டும், குத்துகிறது என்று தலையணைக்கடியில் வைப்பார்.

மூட்டைகளைத் தூக்கியவர் கைவண்டிக்கார யாக்கூப். அவர் கேள்வியே கேட்கமாட்டார். அதனால்தான் மருதப்பன் எப்போதும் அவரையே கூப்பிடுவார்.

இப்போது பூவம்மாவை அனுப்பியதும்தான் மருதப்பனுக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை. கடை திறந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை புகை போடாமல் அவர் விளக்கணைத்ததில்லை. இல்லை என்று சொன்ன வாயோடு எப்படிப் புகை போடுவது?

பலகைக் கதவைச் சாத்திக்கொண்டு, டப்பாவில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தணலில் போட்டார். புகை பலகை இடுக்கு வழியாக, கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதைக்குப் போனது. பக்கத்துத் தையல்கடை ஜமால் முகம்மது கதவை இடித்தார்.

"மருதப்பன்! உள்ள தீயா?"

"இல்லை பாய். கொசு. தேங்காய் நார் கொளுத்தினேன்."

"பக்தியான கொசுலா. என்னமா மணக்குது!"

அடுத்த வெள்ளிக்கிழமை வம்பு வேண்டாம் என்று நிஜமாகவே தேங்காய் நாரைக் கொளுத்தினார். குங்குமம் வாங்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை எதையும் கொளுத்தவில்லை. பல் துலக்காதவர்போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அந்த மணம் வந்தது. எதிர்க்கடையில் புகை. நகைக்கடையில் புகை. ஜமாலின் தையல் மிஷினுக்கு மேல்கூட ஒரு சுருள். கேம்பல் லேன் முழுக்கச் சாம்பிராணி மணந்தது, அவர் கடையைத் தவிர.

பூவம்மா வந்து ஒரு இலைப் பொட்டலத்தை நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணே. வெள்ளிக்கிழமையும் அதுவுமா உங்க கடை மட்டும் மூளியாக் கிடக்கு. பார்க்கப் பொறுக்கலை."

மருதப்பன் பிரித்து முகர்ந்தார். முதல் தரம். என் சரக்கைவிட ஒரு படி மேல் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டார்.

"என்ன விலைக்கு வாங்கினே?"

"பழைய விலைதான்."

"பழைய விலைக்கா!"

மாடிக்கு ஓடினார். மேல்ரூம் சாவித்துளையில் மூக்கை வைத்தார். மணம் இருந்தது. கதவைத் திறக்கவில்லை. திறந்தால் மணம் தெருவுக்குப் போய்விடும் என்று, மூட்டை ஏற்றிய நாளிலிருந்தே அவர் திறந்ததில்லை. மூக்கோடு சரி.

அப்படியானால் யாரோ கள்ளப் படகு விடுகிறான்.

தையல்கடைக்குப் போனார். "பாய், இந்தச் சரக்கு யார்கிட்ட வாங்கினீங்க?"

ஜமால் அளவு நாடாவால் தாடையைச் சொறிந்தார். "சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அக்கரை ரியாவ் தீவுலேர்ந்து கள்ளப் படகுல வருதா?"

"நீங்க சொன்னா சரிதான்லா."

"மிச்சம் இருக்கிறதை மொத்தமா நானே வாங்கிக்கறேன். என் பேர் மட்டும் வெளிய வரக்கூடாது."

"வேணாம் மருதப்பன். பேசாம இருங்க."

"அவன் இப்படிப் பழைய விலைக்கு வித்தா என் மூட்டையை யார் வாங்குவா? சாவி போயிடும் பாய். இருபது வருஷச் சாவி."

ஜமால் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து பின்பக்கமாகப் போனார். தேநீர் ஆறுவதற்குள் திரும்பிவிட்டார்.

"சம்மதமாம். ஆனா விலை ரெண்டு பங்கு."

"ஊருக்குப் பழைய விலை, எனக்கு ரெண்டு பங்கா?"

"உங்க அவசரம் அந்த ஆளுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு."

"கெட்டிக்காரன்" என்றார் மருதப்பன், தொழில் மரியாதையோடு. தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த பணம் முழுவதும் ஜமால் கைக்கு மாறியது.

மறுநாள் மதியம் பாக்கியலட்சுமி சுடச்சுடத் தோசை போட்டாள். நெய் தாராளமாக விழுந்தது. ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தாள். மருதப்பன் தூங்கப் போகவில்லை. பின்வாசலில் நின்றார். சந்துக்குள் யாக்கூபின் கைவண்டி வந்தது.

மூட்டைகளைத் தட்டிப் பார்த்தார். தன் மூட்டைகளைப் போலவே இருந்தன. சுமத்ரா சாக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"பார்த்தியா பாக்கியம்? இனி ஊர்ல சாம்பிராணின்னா மருதப்பன்தான்."

"அப்ப இது பிஸ்கட் இல்லைங்கறீங்க?"

"சாவி இங்கதான் இருக்கும்" என்று இடுப்பைத் தட்டிக்காட்டினார். கலகலவென்றது.

யாக்கூப் முதல் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். மாடிப் படியைப் பார்த்தார், மருதப்பனைப் பார்த்தார். அவரை வேலைக்குக் கூப்பிட ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார்.

"முதலாளி, எடுத்த இடத்துலயே திரும்ப அடுக்கணும்னா மேல்ரூம் திறக்கணும். நீங்களே திறந்து விடுறீங்களா, இல்ல வழக்கம்போல நீங்க தூங்கினதும் அம்மாகிட்டச் சாவி வாங்கிக்கட்டுமா?"