பதினெட்டு கிலோ ஷைனி

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததிலிருந்து யேசுதாஸ் மொட்டை மாடியில் ஒரு புதுச் சட்டையைப் பழசாக்கிக்கொண்டிருந்தான்.

முதலில் துவைக்கிற கல்லில் வைத்து அடித்தான். சட்டை பளிச்சென்றுதான் இருந்தது. சோடா உப்பில் ஊறப்போட்டான். முன்பைவிடப் பளிச்சென்று ஆனது. கடைசியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிக் கசக்கியதில், காலர் மட்டும் தனியாகக் கையோடு வந்தது.

காயவைத்த துணியை எடுக்க வந்த பக்கத்து வீட்டு அஜீசா அப்படியே நின்றாள்.

"இன்னா தாஸு, அந்தச் சட்ட உனுக்கு இன்னா துரோகம் பண்ணிச்சு?"

"ஷைனிக்குக்கா. நாளைலேர்ந்து கோடை முகாம் போறால்ல. சாயம் பூசறப்ப மேல போட்டுக்க பெரியவங்க சட்ட ஒண்ணு வோணுமாம். பழசா கேட்டுகீறாங்க."

"பழசு கேட்டா பழசக் குடுக்கிறது."

"வூட்ல பழசு இல்லக்கா."

வீட்டில் பழசு ஒன்று இருப்பது அஜீசாவுக்கும் தெரியும். நீலக் கட்டம் போட்டது. யேசுதாஸுடையதுதான், ஆனால் ஐந்தாறு வருடமாக அவன் மனைவி ஃப்ளோரன்ஸ்தான் மீன் கழுவும்போதும் சட்டி தேய்க்கும்போதும் நைட்டிக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டிருந்தாள். போன ஐப்பசியில் ஒன்பது நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். வீட்டில் இருந்த துணியெல்லாம் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை தண்ணீரில் நனைந்துவிட்டது. அந்தச் சட்டை மட்டும் நனையவில்லை.

"காலர் வந்துட்ச்சு பாரு. இப்ப பழசுதான்" என்று சொல்லிவிட்டு அஜீசா துணியோடு கீழே இறங்கினாள்.

முகாம் டோல்கேட் பக்கம் ஒரு கூடத்தில். பத்து நாள், காலையிலிருந்து மாலை வரை. பிள்ளைகள் களிமண் பிசையலாம், சாயம் பூசலாம், மரத்தில் ஆணி அடிக்கலாம். அவர்கள் இருக்கும் ராயபுரத்திலேயே, மாதா கோயில் வளாகத்திலேயே இலவசமாக ஒன்று நடந்தது. யேசுதாஸ் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டான். டோல்கேட்டில் இவர்களை ஒருவருக்கும் தெரியாது. அதற்காகத்தான்.

பிப்ரவரியில் பள்ளி ஆண்டு விழாவுக்கு மகள் ஷைனி ஒரு காலில் வெள்ளை சாக்ஸும் மறு காலில் சாம்பல் நிற சாக்ஸும் போட்டுக்கொண்டு மேடை ஏறினாள். போட்டுவிட்டது அவன்தான். விடியற்காலை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. பின்வரிசையில் ஒரு பெண், "பார்த்தாலே தெரியுது, தாயில்லாப் புள்ளைன்னு" என்றாள். ஷைனியின் காதில் அது விழுந்ததா என்று அவன் இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் இனி யாருக்கும் பார்த்தவுடன் தெரியக்கூடாது. அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

பட்டியல் பார்த்துப் பொருள் ஏற்றுவதில் அவன் சாதாரண ஆள் இல்லை. திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டில் பதிமூன்று வருடமாக அதுதான் வேலை. பட்டியலைப் பார்த்துச் சரக்கை எண்ணி ஏற்றி, கதவைச் சாத்தி, சீல் வைக்க வேண்டும். ஒரு பெட்டி குறைந்தது என்று இதுவரை எவனும் சொன்னதில்லை.

முகாமிலிருந்து வந்த தாளைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தான். 'எல்லாப் பொருளிலும் குழந்தையின் பெயர் இருக்க வேண்டும்' என்றது தாள். யார்டு பெயிண்டையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஷைனி பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷைனி, பதினெட்டு கிலோன்னு எய்திகீற. என் வெயிட்டு இன்னாத்துக்குப்பா?"

"கைப்பழக்கம்மா. வந்துட்ச்சு."

"தொப்பில 'இந்தப் பக்கம் மேலே'ன்னு கீது."

"கரெக்ட்தான அது?"

"தண்ணி பாட்டில்ல 'நனையக் கூடாது'ன்னு போட்டுகீற."

அவன் பாட்டிலை வாங்கித் துடைத்தான். பெயிண்ட் பரவியது, பெயர் அழிந்தது, எச்சரிக்கை மட்டும் அழியாமல் நின்றது.

பழசாக்கிய சட்டையின் முதுகிலும் பெயர் எழுதினான். மெலிந்துபோன துணி. பெயிண்ட் மறுபக்கம் இறங்கி, முதுகும் மார்பும் ஒட்டிக்கொண்டன. காய்ந்தபின் பிரித்தபோது சட்டை இரண்டு கைகளாகவும் கொஞ்சம் பட்டனாகவும் மிஞ்சியது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லாம் தயார், சட்டையைத் தவிர.

ஷைனி சுவரில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பீரோவைத் திறந்து, நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து, கொஞ்ச நேரம் முகத்தருகே வைத்திருந்தான். பிறகு மடித்து, பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான்.

பை மூடவில்லை. உள்ளே மூன்று மாற்றுத் துணி, தயிர் சாதம், எலுமிச்சை சாதம், அஜீசா கொடுத்தனுப்பிய சேமியா, பிஸ்கட், துண்டு, தைலம். முட்டியை வைத்து அழுத்தி ஜிப்பை இழுத்தான். மூடியது. கையை எடுத்ததும் நடுவிலிருந்து விரிந்து, சட்டையின் ஒரு கை வெளியே எட்டிப் பார்த்தது.

அவன் அதை உள்ளே தள்ளினான். மறுபடி வந்தது. பஸ்ஸில் விழலாம். ரோட்டில் விழலாம். எவன் காலிலாவது மிதிபடலாம்.

வேலைக்கு எடுத்துப்போகும் பையில் ஒரு சீல் கிடந்தது. கண்டெய்னர் கதவைப் பூட்டுகிற விரல் நீள இரும்பு ஆணி. ஜிப்பின் இரண்டு வளையங்களையும் சேர்த்து அதில் கோத்து அழுத்தினான். 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. முகாமில் கொடுக்க வேண்டிய படிவத்தின் அடியில் சீல் நம்பரையும் ஞாபகமாகக் குறித்தான்.

கூடத்து வாசலில் ஷைனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்பக்கம் சாய்ந்தபடி உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அது நல்லதென்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பன்னிரண்டு மணிக்கு யார்டில் ஒரு கண்டெய்னரின் சீலை அறுக்கப் பெரிய கட்டரைத் தூக்கியபோதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தக் கட்டர் இல்லாமல் ஷைனி பையில் போட்ட சீலும் திறக்காது. சோறு உள்ளே இருக்கிறது.

கட்டரோடு கேட்டை நோக்கி ஓடினவனைக் கூட வேலை பார்க்கும் நெல்சன் மறித்தான்.

"எங்க மாமு? எந்த கண்டெய்னரு?"

"டோல்கேட்ல. பதினெட்டு கிலோ."

நெல்சன் யோசித்து முடிப்பதற்குள் அவன் ஷேர் ஆட்டோவில் இருந்தான். முழங்கால் உயரக் கட்டரை மடியில் வைத்திருந்தவனுக்கு ஆட்டோவில் எல்லோரும் தாராளமாக இடம் விட்டார்கள். பிள்ளை பசியோடு பையைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். யாராவது குனிந்து கேட்பார்கள். எல்லாருக்கும் தெரிந்துவிடும். முதல் நாளே.

கூடத்து வாசலில் கெங்கம்மா என்ற ஆயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கட்டரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"நீதான் அந்தப் பைக்கு அப்பனா?"

"ஆமாம்மா. கொயந்த சாப்ட்டாளா?"

"எல்லாம் சாப்ட்டுது. இன்னா பைய்யா அது? ரிசர்வ் பேங்கா? ஆக்ஸா பிளேடு போட்டு இருவது புள்ளைங்களும் மாத்தி மாத்தி அறுத்துச்சுங்க. இன்னிக்கி மரவேல கிளாசே அதான். மாஸ்டரு வேற கைத்தட்டிகினு நிக்கிறாரு."

உள்ளேயிருந்து ஷைனி ஓடி வந்தாள். நீலக் கட்டச் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மார்பில் களிமண், கையில் மஞ்சள், பச்சை. அவன் சட்டையைப் பார்த்தான். அவள் அதில் இரண்டு உள்ளங்கைகளையும் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

"சீல நான்தான்பா மொதல்ல அறுத்தேன்!"

கெங்கம்மா இன்னும் முடிக்கவில்லை. "மூணு செட்டு துணி. மூணு டப்பா சோறு. தலவலித் தைலம். புள்ள இங்க குடித்தனம் பண்ணவா வந்துகீது? நானும் பதினஞ்சு வருசமா ஆயா வேல பாக்குறேன். இந்த மாரி பயந்து பயந்து மூட்ட கட்றது ஆருன்னு எனுக்குத் தெரியாதா?" அவள் குனிந்து ஷைனியின் மோவாயைப் பிடித்தாள். "தோ பாரு கண்ணு, வூட்டுக்குப் போனதும் ஒங்கம்மாகிட்ட சொல்லு. ஆயா பத்ரமா பாத்துக்கும், இவ்ளோ பயப்பட வோணாம்னு. இன்னா?"

யேசுதாஸின் கையில் கட்டர் கனத்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

ஷைனி அண்ணாந்து அவனைப் பார்த்தாள்.

"கேட்டுகினியாப்பா? ஒன்னத்தான் சொல்றாங்க."