எஸ்தர் கேட்டதும் நான் ஆறு சொன்னதும்

கையில் பத்து இருந்தால் இருபது இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வது எங்கள் பரம்பரைத் தொழில். போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவன் வேறு எப்படி இருப்பான்? ஏலத்தில் எதிராளி விலையைக் கூட்டிவிட்டு நம் பக்கம் திரும்பினால், யோசிக்காமல் தலையை ஆட்டிவிட வேண்டும். ஆட்டாவிட்டால், "அவுக கடை ஆட்டம் கண்டுருச்சாம்ல" என்று மத்தியானத்துக்குள் பஜார் முழுக்கப் பேசிவிடுவார்கள். இந்தப் புத்தியோடு சீட்டாடப் போனதுதான் நான் செய்த பாவம்.

எனக்கு பிரிட்ஜ் என்கிற ஜோடிச் சீட்டாட்டத்தைச் சொல்லிக்கொடுத்தது என் மனைவி எஸ்தர். அவள் அப்பா மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். அங்கே ஆட்டத்துக்கு நாலாவது ஆள் குறைந்தபோதெல்லாம் இவளை உட்கார வைத்திருக்கிறார்கள். கல்யாணமாகிப் போடிக்கு வந்தவளுக்கு ஆடத் துணை இல்லை. அதனால் என்னைத் தயார் செய்தாள் (மாட்டை ஏருக்குப் பழக்குவது மாதிரிதான்). பழகியதும் நான் என்ன செய்தேன்? சாயந்தரமானால் அவளை விட்டுவிட்டு கிளப்புக்குப் போனேன். அங்கே பெண்களுக்கு இடம் கிடையாது.

எழுபதுகளில் ஒரு சித்திரை மாதம், லோயர் கேம்ப் மின் நிலையத்திலிருந்து இரண்டு இன்ஜினியர்கள் எங்கள் கிளப்போடு ஆட வந்தார்கள். வழக்கமாக என்னோடு ஜோடி சேர்கிறவர் வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் கிளப் செயலாளர் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"இன்னைக்கு மட்டும் உங்க வீட்டம்மா ஆடட்டும். ஜெயிச்சுட்டாகன்னா இனி வாரா வாரம் வரட்டும். கமிட்டியில நான் பேசிக்கிறேன்."

எஸ்தர் அன்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள். போகும் வழியில், "நீங்க கையில உள்ளத மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

நன்றாகவே ஆடினோம். அவர்கள் ஒன்று, நாங்கள் ஒன்று என்று ஜெயித்து சமமாக நின்றோம். இன்னொன்று எடுத்தால் வெற்றி எங்களுக்கு.

சீட்டு வந்தது. ஏஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூன்று என்று புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தேன். பதினாறு. "ஒரு நோ டிரம்ப்" என்றேன். துருப்பு வேண்டாம், என் கையில் பதினாறிலிருந்து பதினெட்டு வரை இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எஸ்தர் தன் சீட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நாலு நோ டிரம்ப்" என்றாள்.

அது ஒரு கேள்வி. பதினெட்டு இருந்தால் ஆறுக்குப் போங்கள், பதினாறுதான் என்றால் 'பாஸ்' சொல்லி நாலிலேயே நின்றுவிடுங்கள் என்று கேட்கிறாள். வீட்டில் எத்தனையோ தரம் சொல்லிக்கொடுத்தது. ஆறு என்றால் பதிமூன்று பிடியில் பன்னிரண்டு எடுக்க வேண்டும்; நாலில் நின்றால் பத்தே போதும். அது எங்கள் கையில் தாராளமாக இருந்தது.

ஆனால் இன்ஜினியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பஜார்க்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். இத்தனை பேர் பார்க்க ஒருத்தர் கேட்டு நான் இறங்குவதா?

"ஆறு நோ டிரம்ப்."

சொன்னபோது எனக்கே பெருமையாக இருந்தது (கழுதை).

எஸ்தருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தன் சீட்டுகளை மேசையில் விரித்து வைத்தாள். ஆடப்போவது நான், இனி அவள் டம்மி, வாய் திறக்கக் கூடாது. அவள் கையையும் என் கையையும் கூட்டினேன். முப்பத்திரண்டு. பன்னிரண்டு பிடிக்கு அது காணாது. எப்படியெல்லாமோ புரட்டிப் பார்த்துப் பதினொன்றோடு நின்றேன். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்து சீட்டுப் போட்ட ஆட்டத்திலேயே இன்ஜினியர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

செயலாளர் எஸ்தரிடம் வந்து, "விடுங்கம்மா. இதெல்லாம் ஆம்பளைகளுக்கே செரமம்" என்றார்.

தப்பு என்னுடையது என்று நான் அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டம்மி அவள், வாயை மூடிக்கொண்டு நின்றது நான். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது, "எதுக்குங்க ஆறு சொன்னீக?" என்றாள்.

"நீதான கேட்ட?"

"கேட்டேன். கேட்டா சரின்னுதான் சொல்லணுமா?"

அதற்குப் பிறகு கிளப்பில் அவளை யாரும் கூப்பிடவில்லை. நான் மட்டும் சில மாதம் போனேன். எதிரே யாராவது நாலு நோ டிரம்ப் சொன்னால் கையில் பதினெட்டு இருந்தாலும் பாஸ் சொல்லிவிடுவேன். பிறகு போவதையே விட்டுவிட்டேன். வீட்டிலாவது ஆடலாம் என்று கூப்பிட்டேன். "அடுப்புல வேலை கெடக்கு" என்று எழுந்துபோனாள்.

எங்கள் மகளுக்கு இந்தக் கதை தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அப்பா எதைச் சொன்னாலும் ரெண்டைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆறு இட்லி என்றால் நாலுதான் தட்டில் விழும். போன மாதம் டாக்டர், தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று கேட்டார். மூன்று கிலோமீட்டர் என்றேன். "ரெண்டக் கழிச்சுக்கங்க டாக்டர்" என்றாள் எஸ்தர். மகள் சிரித்தாள், டாக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்று நான் ஆறு என்றபோது அவள் ஒன்றையும் கழிக்கவில்லை. அப்படியே நம்பினாள்.