மெல்பிரிட்ஜ் ஹென்றி

மெல்பிரிட்ஜில் ஒரு பூனையைக் காணவில்லை. சாம்பல் நிறம், பெயர் பிஸ்கட். ஊர்க்காரர்களின் ஃபேஸ்புக் குழுவில் மூன்று நாளாக இதே பேச்சு.

"நானும் தேடிப் பார்க்கிறேன்" என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டார் ஹென்றி.

எழுதிய பிறகுதான், மெல்பிரிட்ஜ் இங்கிலாந்தில் இருப்பதும், தான் தூத்துக்குடியில் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையருகே உட்கார்ந்திருப்பதும் அவருக்கு உறைத்தது. அழிக்கப் பார்த்தார். அதற்குள் பதினேழு இதயங்கள் விழுந்திருந்தன. ஒரே நாளில் பதினேழு பேர் தன்னிடம் பேசி எத்தனை காலமாயிற்று! அழிக்க மனசு வரவில்லை.

இருபத்தெட்டு வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர் அவர். நாற்பது பேருக்குப் பொங்கிப்போட்ட கைக்கு, மனைவி இறந்து இரண்டு வருஷமாகியும் ஒரு ஆளுக்குச் சமைக்கும் அளவு பிடிபடவில்லை. மதியம் வைத்த குழம்பு மூன்று நாள் கிடக்கும்.

ஒரே மகள் ரீனா, மூன்று வருஷமாக மெல்பிரிட்ஜில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஞாயிறுதோறும் பேசுவாள்.

"டோரத்தி ஆன்ட்டி கேக் போட்டியில ஜெயிச்சிட்டாவ டாடி. எனக்குன்னு ரெண்டு துண்டு எடுத்து வச்சிருந்தாவ. நேத்து எல்லாரும் சேர்ந்து பார்க் பெஞ்சுக்குப் பெயிண்ட் அடிச்சோம். நீங்க என்ன செய்தீங்க?"

"கோயில் பாட்டுக் குழு, சங்கக் கூட்டம்னு எனக்கு நிக்க நேரமில்ல மக்கா."

பாட்டுக் குழு அவர் முகத்தைப் பார்த்து இரண்டு வருஷமாகிவிட்டது.

மகளைப் படத்திலாவது பார்க்கலாமே என்றுதான் ஆறு மாதத்துக்கு முன் அந்தக் குழுவில் சேர்ந்தார். 'இந்த ஊரில் வசிக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று தட்டினார். கேக் இருந்தது, பெஞ்சு இருந்தது, ரீனா சொன்னபடியே எல்லாம் இருந்தது. ரீனா மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. படம் எடுப்பவளே அவளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது அந்த டோரத்தியே பதில் எழுதியிருந்தாள். "நன்றி ஹென்றி! பன்னிரண்டு மணிக்கு நூலக வாசலுக்கு வந்துவிடுங்கள். கால்வாய்க் கரை உங்கள் பொறுப்பு."

ஹென்றி போனைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சங்கரலிங்கத்திடம் ஓடினார். எதற்கும் கைவசம் ஒரு யோசனை வைத்திருப்பவர் சங்கரலிங்கம்.

"கால் சுளுக்கிட்டுன்னு போடும் அண்ணாச்சி. சோலி முடிஞ்சிது."

போட்டார். உடனே டோரத்தி கேட்டாள்: "அடடா! உங்களோடு யார் இருக்கிறார்கள்?"

சங்கரலிங்கம் தடுப்பதற்குள் ஹென்றியின் விரல் தட்டிவிட்டது. "யாரும் இல்லை."

அவர் அந்தக் குழுவில் எழுதியதிலேயே நிஜம் அது ஒன்றுதான். அதுதான் வினையாகவும் போயிற்று. ஒருத்தி கோழி சூப் கொண்டுவருகிறேன் என்றாள். ஒருவர் தன் மாமனாரின் சக்கர நாற்காலி சும்மாதான் கிடக்கிறது என்றார். இன்னொருவர், வீட்டில் நாய் இருந்தால் அதை நான் நடத்திக் கூட்டிப்போகிறேன் என்றார். பூனையை எல்லோரும் மறந்தே போனார்கள்.

"என்னவே இது? ஊரே கிளம்புது!" என்றார் ஹென்றி.

"பதறாதேயும். நல்லா இருக்கேன், ஒண்ணும் வேண்டாம்னு போடும்."

அதையும் போட்டார். "பாவம், கூச்சப்படுகிறார்" என்று ஒருத்தி எழுதினாள். "இவர் வீடு யாருக்கும் தெரியாதா? விழுந்து கிடக்கிறாரோ என்னவோ. போலீஸுக்குச் சொல்லிவிடலாமா?" என்று கேட்டார் சக்கர நாற்காலிக்காரர்.

சங்கரலிங்கத்துக்கு வேர்த்துவிட்டது. "போலீஸா? உம்ம போனு என் கடை வைஃபையில ஓடுது அண்ணாச்சி! ஏதாவது ஒரு விலாசத்தைக் கொடுத்துத் தொலையும்!"

"அந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச விலாசம் ஒண்ணுதான் வே இருக்கு."

"அதையே கொடும். உம்ம மகளுக்குத்தான் ஊரே பழக்கமாச்சே, அவ பேசிச் சமாளிச்சுருவா."

மில் தெரு, ஒன்பதாம் எண். அனுப்பிவிட்டு மகளுக்குப் போன் போட்டார். இரவு டூட்டி முடித்துத் தூங்குகிறாள் போலும், எடுக்கவில்லை. பதினோரு தடவை போட்டார்.

"தாயில்லாப் பிள்ளைக்கு அங்கன இருக்குத ஒரே துணை அந்தச் சனந்தான் வே" என்றார் ஹென்றி. "அதையும் நானே கெடுத்துப்போட்டேன்."

சங்கரலிங்கம் கடையைப் பூட்டினார். அவரே நடந்து வந்து ஹென்றியை வீட்டில் விட்டுப்போனார்.

ஐந்தரை மணிக்கு வீடியோ அழைப்பு வந்தது. ரீனாவின் கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால் அந்தச் சின்னக் குசினியில் ஐந்து பேர் நெருக்கியடித்து நின்றார்கள். அடுப்பில் சூப் கொதித்தது. சுவரோரம் மடக்கிய சக்கர நாற்காலி.

"டாடி, என்ன டாடி செய்து வச்சிருக்கீங்க?"

"ஏளா, அழாத. தப்பு என்னுது. போனை அவங்ககிட்ட கொடு."

வெள்ளை முடியும் சிவப்புக் கம்பளிச் சட்டையுமாக ஒரு முகம் வந்தது. படங்களில் பார்த்த டோரத்திதான். ஹென்றி எழுந்து நின்று, தன் கப்பல் இங்கிலீஷை ஒன்றுதிரட்டிக்கொண்டார்.

"மேடம், நான் இந்தியாவில் இருக்கிறேன். பொய் சொன்னவன் நான். கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள். ரீனா உங்களோடு பழகிய பிள்ளை, உங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. இதற்காக அவளை ஒதுக்கிவிடாதீர்கள்."

டோரத்தி ஒன்றும் புரியாமல் திரும்பி ரீனாவைப் பார்த்தாள். ரீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பழகிய பிள்ளையா?" என்றாள் டோரத்தி. "நான் எதிர்வீட்டில்தான் இருக்கிறேன், ஹென்றி. மூன்று வருஷத்தில் இவள் முகத்தை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்."