ஜம்புவின் கடைவாய்ப் பல்லும் இரண்டு கட்டங்களும்

கரோல் பாகில் குடியிருக்கும் ஜம்புவுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. உலகத்தில் பல் வலிக்காத மனுஷன் உண்டா என்ன? ஆனால் ஜம்பு மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அவர் பல் இஷ்டத்துக்கு வலித்துவிட முடியாது.

போன மாதம்தான் சுற்றறிக்கை வந்திருந்தது. பல் வைத்தியம் வேண்டுவோர் முதலில் ஜீன் பரிசோதனை செய்துகொண்டு, சொத்தைக்குக் காரணம் 'பரம்பரை'யா 'பழக்க'மா என்று உரிய கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். ஊரெல்லாம் ஜீன் பைத்தியம் பிடித்து அலையும்போது அரசாங்கம் மட்டும் பின்தங்கலாமா? அந்தச் சுற்றறிக்கையை எழுதிப் பாராட்டு வாங்கியவர் வேறு யாருமில்லை, சாட்சாத் ஜம்புவேதான்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மருத்துவப் பிரிவு லீலாவதியிடம் ரிப்போர்ட்டை நீட்டினார்.

"சார், பல்லோட மேல்பூச்சு ஜீன் வழியா பலவீனம், தினசரி ஜிலேபியும் காரணம்னு போட்டிருக்கு. எந்தக் கட்டத்துல டிக் பண்றது?"

"ரெண்டுலயும் பண்ணும்மா."

"ஒண்ணுலதான் பண்ணணும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அச்சா, அப்ப பரம்பரைன்னு போடு."

"அதுக்கு அப்பா அம்மா பல்லைச் சோதிச்ச சான்றிதழ் வேணும்."

"அவா காலமாகிப் பத்து வருஷமாச்சே! சரி, பழக்கம்?"

"அது சொந்தத் தப்பு. வைத்தியம் கிடையாது. மூணாவது கட்டம் வேணும்னா கமிட்டி போடணும் சார்."

கமிட்டி போட்டார்கள். அது நாலு தடவை கூடி, நாலு தடவையும் ஜிலேபி சாப்பிட்டுக் கலைந்தது. ஜம்புவின் கன்னம் பூரி மாதிரி உப்பியது.

"ஏன்னா, அடுத்த தெருவிலேயே பல் டாக்டர் இருக்காரே, போய்ப் பிடுங்கிண்டு வாங்கோளேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி அனந்தலக்ஷ்மி.

"விதியை எழுதினவனே மீறலாமாடி?" என்றார், பாவம்.

மறுநாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய தட்டையைக் கடித்தார். பல் தானாகவே கழன்று கையில் விழுந்தது. அப்பாடா! வலி போயே போச்சு.

கமிட்டி கோப்பை மூடியது: "பல் இல்லாத காரணத்தால் புகார் ஏதும் நிலுவையில் இல்லை." அலுவலகமே கைதட்டியது.

ஜம்புவுக்குக் கை சும்மா இருக்குமா? உடனே பேனாவை எடுத்தார்: "காத்திருப்பு முறையில் பல்நோய் முழுமையாகக் குணமாவது நிரூபணமாகிறது. ஊழியர் அனைவரின் கண், காதுகளுக்கும் இதை விரிவுபடுத்தலாம்."

கண்புரை ஆபரேஷனுக்கு மனுப் போட்டிருந்த கமிட்டித் தலைவர், எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் தாளைத் தடவிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.