ஜூன் ஒண்ணாம் தேதி பொறந்தவங்க

போன திங்கக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்கு ஆஃபீஸ் ஆப்ல ஒரு நாள் லீவு போட்டுக் குடுக்கணும். அவ்வளவுதான் வேலை.

அப்பா பூவம்ங்கிற ஊருக்கிட்ட எண்ணெய் பாக்கெட் போடுற கம்பெனியில ஸ்டோர் கீப்பர். அங்க இப்ப பேச்சு, உத்தரவு, லீவு எல்லாமே ஆப்லதான். மேனேஜர் கஜேந்திரன் சார் போட்ட சட்டம். வாயால எது கேட்டாலும் "ஆப்ல போடுய்யா"ம்பாரு. போட்டா லீவு குடுக்க மாட்டாரு.

அக்கா நிச்சயத்துக்கே அப்பா கடைசிப் பந்திக்குத்தான் வந்து சேந்தாரு. இப்ப வெள்ளிக்கிழமை வளைகாப்பு. "நீங்க வரலேன்னா நான் வளையலே போட்டுக்க மாட்டேன்ப்பா"ன்னு திருவாரூர்லேருந்து போன்ல அழுதுட்டா.

"பணிவாப் போடுடா"ன்னாரு அப்பா.

"நம்பர்?"

"நாப்பத்தேழு."

"பாஸ்வேர்டு?"

"பொறந்த தேதியும் மாசமும். பூஜ்யம் ஒண்ணு பூஜ்யம் ஆறு."

அவசரத்துல 74னு அடிச்சிட்டேன். தப்பு நம்பர்னா உள்ள விடக் கூடாதில்ல? விட்டுருச்சு!

"வணக்கம், மேலாளர் கஜேந்திரன் அவர்களே!"

ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் விஷயம் புரிஞ்சுது. அப்பா காலத்துல ஸ்கூல்ல சேக்கும்போது, கையைத் தலைக்கு மேல சுத்திக் காதைத் தொடச் சொல்வாங்களாம். தொட்டா அஞ்சு வயசு. பொறந்த தேதியை வாத்தியாரே ஜூன் ஒண்ணுன்னு எழுதிருவாராம். 52 போட்டுப் பார்த்தேன். அவரும் ஜூன் ஒண்ணு. 61? அவரும்தான்! பாதிக் கம்பெனிக்கு ஒரே சாவி. இதுக்கு ஆப் முகப்புல பெரிய பூட்டுப் படம் வேற.

அப்பா நம்பர்ல லீவு கேட்டேன். மேனேஜர் நம்பர்ல நானே குடுத்தேன்.

நல்ல பையன்னா அதோட வெளிய வந்திருப்பான். நான் மைக்கைப் பார்த்துட்டேன்.

எங்க கெமிஸ்ட்ரி சார், பஸ் கண்டக்டர், மீன்காரம்மா எல்லாரும் என் தொண்டையிலதான் வாடகை இல்லாமக் குடியிருக்காங்க. கஜேந்திரன் சார் பேசி ஒரே ஒரு தடவை கேட்டிருக்கேன். போதாதா? கம்பெனி குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"ம்ஹ்க்கும்! ஆகவே, ஸ்டோர் கீப்பருக்கு வெள்ளிக்கிழமை லீவு. ம்ஹ்க்கும்! ஆகவே, யாரும் கேள்வி கேக்கப்படாது!"

அச்சு அசல்! அதோடயாவது நிறுத்தினேனா? "மக வளைகாப்பை நல்லபடியா நடத்திட்டு வாங்க"ன்னு ஒரு வரி சேத்தேன்.

அங்கதான் கவுந்தேன். "நல்லபடியா"ங்கிற வார்த்தை அந்த மனுஷன் வாயிலேருந்து வந்து யாரும் கேட்டதே இல்லியாம்.

குரூப் கதிகலங்கிருச்சு.

"சாருக்கு என்ன ஆச்சு?"

"குரலே சரியில்லியே, நெஞ்சு வலியா?"

குரல் சரியில்லியாம்! எனக்குத்தான் நெஞ்சு வலிச்சுது.

"எந்த ஆஸ்பத்திரி?"ன்னு ஒருத்தர். "சார் போறதுக்குள்ள எனக்கும் ரெண்டு நாள் லீவு"ன்னு இன்னொருத்தர். லோடிங் ஆளுங்க நாலு பேரு சாத்துக்குடிப் பையோட மேனேஜர் வீட்டுக்கே போயிட்டாங்க. கைலியோட கதவைத் தொறந்தவரு, "யாருக்குய்யா உடம்பு சரியில்ல?"ன்னாராம்.

"உங்களுக்குத்தான் சார்!"

இங்க அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாரு. "செருமினது நீதானடா?"

"ஆகவே..."ன்னு ஆரம்பிச்சேன். முதுகுல ஒண்ணு விழுந்துச்சு.

"வேலையே போச்சுடா. இனிமே எல்லா வளைகாப்புக்கும் போகலாம்"னு தலையில கைவச்சு உக்காந்துட்டாரு. அப்பத்தான் எனக்குச் சிரிப்பு நின்னுச்சு.

மறுநாள் உண்மையைச் சொல்லிடறதுன்னு கம்பெனிக்குக் கிளம்பினாரு. அங்க நடந்ததை அவரே வந்து சொன்னாரு.

ஆப் கம்பெனிக்காரன் போன்ல மேனேஜருக்குப் பாடம் எடுத்துக்கிட்டிருந்தானாம். "ஸ்கூல் தேதி ஊருக்கே தெரியும் சார். நிஜப் பொறந்த தேதியை பாஸ்வேர்டா வைங்க."

மேனேஜர் அவங்க அம்மாவுக்குப் போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல!

"அம்மா, நான் எப்பப் பொறந்தேன்?"

"ஐப்பசி பதினஞ்சுடா. நல்ல அடைமழை."

பழைய காலண்டரை எல்லாம் அலசி அதை இங்கிலீஷ் தேதியாக்கி வச்சுட்டாரு. டீ குடிச்சுட்டு வந்து, அப்பாவோட லீவை ரத்து பண்ண உக்காந்தாரு. தேதி மறந்துபோச்சு! ஒண்ணு போட்டாரு, தப்பு. இன்னொண்ணு, அதுவும் தப்பு. மறுபடியும் அம்மாவுக்கே போன்.

"ஐப்பசின்னா சொன்னேன்? அது உங்கண்ணன்டா. நீ கார்த்திகை."

கார்த்திகையைப் போட்டாரு. மூணாவது தப்பு. "பாதுகாப்பு கருதி உங்கள் கணக்கு சனிக்கிழமை வரை பூட்டப்பட்டுள்ளது."

அந்த ஆப் ஒழுங்காப் பூட்டினது அது ஒண்ணைத்தான்.

அப்பா மெதுவா, "சார், அந்த லீவு விஷயமா ஒரு உண்மையைச் சொல்லணும். எம் பையன்..."

"எதுவா இருந்தாலும் ஆப்ல போடுய்யா!"ன்னு கத்தினாராம்.

அப்பா வீட்டுக்கு வந்து போட்டாரு. எம்மேல கையை ஓங்கிக்கிட்டே, என்னையே எழுத வச்சு, முழு உண்மையும் போட்டாரு. படிக்க வேண்டியவருதான் சனிக்கிழமை வரைக்கும் வெளியில நிக்கிறாரு.

ரத்து ஆப்ல வரல. சட்டப்படி லீவு லீவுதான். வெள்ளிக்கிழமை முதல் பந்தியில முதல் இலை அப்பாவுக்கு. அக்கா ரெண்டு கை நிறைய வளையலோட வந்து அவருக்குப் பாயசம் ஊத்தினா. எனக்கு யாரும் பாயசம் ஊத்தல.

சனிக்கிழமை மேனேஜர் உள்ள போனாரு, படிச்சாரு. தண்டனை என்னன்னா, நான் ஒரு மாசம் கம்பெனிக்கு வந்து எல்லாருக்கும் ஆப் சொல்லிக் குடுக்கணுமாம். என் சொந்தக் குரல்ல.

அப்பா உஷாராயிட்டாரு. பாஸ்வேர்டை மாத்திட்டேன், உனக்கு மட்டும் சொல்லவே மாட்டேன்னாரு.

என் பொறந்த தேதியைப் போட்டுப் பார்த்தேன். திறந்துக்கிச்சு.