ஐந்தாம் மாடியில் ஒரு நிலவறை

திஜோன் நகரத்தில் மானமுள்ள எவரும் ஒயினை அடுப்பங்கரையில் வைப்பதில்லை. ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர் பாசில் தெரான் மானமுள்ளவர்தான். ஆனால் அவர் குடியிருந்தது ஐந்தாம் மாடியில்; ஒயினைக் குளிர்ச்சியாக வைக்க அங்கே நிலவறை ஏது? மகள் லியோனி பிறந்த வருஷத்து ஒயின் ஒரே ஒரு பாட்டில் அவரிடம் இருந்தது. அவள் கல்யாணத்தன்று அதைத் திறப்பதாகத் தொட்டிலருகே நின்று வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணம் செப்டம்பரில். நடுவில் கோடை. போன கோடை முழுவதும் பாட்டில் குளியல் தொட்டித் தண்ணீரில் கிடந்தது. குடும்பம் குளிக்காமல் கிடந்தது.

ஆகவே ஒயினைக் குளிர்ச்சியாக வைக்கும் மின் அலமாரி ஒன்று வாங்கப் போனார்கள்.

"உங்க ஒயின் எந்த மாதிரிங்க?" என்று கேட்டார் கடைக்காரர். "காத்திருக்குற ரகமா, முதிர்ற ரகமா, இல்லை இப்பவே பேசிடுமா?"

"இதுவரைக்கும் வாய் திறக்கலை," என்றாள் பாசிலின் மனைவி ஒதீல். "இருக்கிறதுலேயே மலிவானதைக் காட்டுங்க."

மலிவானது பலகை பலகையாகப் பெட்டியில் வந்தது. செய்முறைத் தாளில் எழுத்தே இல்லை. படத்தில் முகமில்லாத ஒரு மனிதன் எல்லாவற்றையும் சிரமமின்றிப் பூட்டிக்கொண்டிருந்தான். பாசில் பூட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிஞ்சியது. கைப்பிடி தரையருகே அமைந்துவிட்டதால், திறக்க விரும்புகிறவர் முதலில் அலமாரியைக் குனிந்து வணங்க வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே குளிர்ந்தது. பாட்டில் நிம்மதியாகப் படுத்தது.

வம்பு அதன் பெயரில் இருந்தது. அந்த ஊர் மொழியில் இந்த அலமாரிக்கும், நிலத்துக்கு அடியில் தோண்டுகிற நிலவறைக்கும் ஒரே சொல். வீட்டில் புதிதாக எது அமைத்தாலும் கட்டட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பணியில் இருந்த காலத்தில் சொந்த மாமியாருக்கே அபராதம் போட்ட பாசில், விதிப்படி எழுதினார்: "என் சமையலறையில் நிலவறை ஒன்று அமைத்திருக்கிறேன்."

நிர்வாகி முசியே வால்தேக் ரசமட்டத்துடன் வந்தார்.

"நிலவறைன்னா நிலத்துக்குக் கீழேதான் இருக்கணும், முசியே."

"அலமாரின்னு எழுதிக்கோங்களேன்," என்றாள் ஒதீல்.

"மதாம், உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டதை நான் பொய்யாக்க முடியாது. நிலவறை மேல வந்தாச்சு. இனிமே நிலம்தான் நகரணும்."

குடியிருப்போர் கூட்டம் கூடியது. ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே நிலம் அமைந்திருப்பதாக ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் சிரிப்பார்கள் என்று பாசில் நினைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. தரைத்தளத்தில் மட்டுமே நாய் வளர்க்கலாம் என்பதால், புதிய தரைத்தளமாகிவிட்ட ஆறாம் மாடியின் மதாம் ஃப்ளோரியே மறுநாளே நாய் வாங்கினார். படிக்கட்டைப் பெருக்கும் முறை நிலத்துக்கு மேலே குடியிருப்பவர்களுக்கு மட்டுமே என்பதால், கீழே இருந்த அத்தனை பேரும் துடைப்பத்தைத் தூக்கிப் போட்டார்கள். இப்படிப்பட்ட கட்டடத்தில் யாருக்குத்தான் குடியேற ஆசை வராது? மூன்றாம் மாடியில் காலியான வீட்டுக்கு லியோனியும் அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற எத்மோனும் வால்தேக்கிடம் மனுப் போட்டார்கள்.

அதன்பிறகு நிர்வாகி மறுபடி வந்தார். நிலவறை ஈரமான இடம், அங்கே மின்சாரம் கூடாது என்றார். அலமாரியின் இணைப்பைத் தம் கையாலேயே பிடுங்கி, சுவரில் முத்திரை வைத்தார். பாட்டிலையாவது குளியல் தொட்டிக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று பாசில் கெஞ்சினார். பதிவான நிலவறை காலியாக இருக்கக் கூடாது என்று பதில் வந்தது.

கடிதத்தைத் திரும்பப் பெறுவது ஒன்றே வழி. பாசில் கிளம்பியபோது வாசலில் மதாம் ஃப்ளோரியே நாயைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இது முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க முசியே, உங்ககிட்ட நிலவறை இல்லைன்னு."

நாய் பாசிலைப் பார்த்தது. பாசில் உள்ளே போய்விட்டார். அந்த ஆண்டு கோடை வழக்கத்தைவிட நன்றாகவே காய்ந்தது.

கல்யாண விருந்துக்குக் கட்டடமே திரண்டு வந்தது. பாசில் குனிந்து வணங்கிப் பாட்டிலை எடுத்தார். தக்கையைப் பிடுங்கினார். முதல் கிளாஸ் மகளுக்கு. லியோனி ஒரு வாய் குடித்தாள்.

"அப்பா, இது வினிகர்."

நாய்கூட எலும்பைக் கடிப்பதை நிறுத்தியது.

"பதிவான நிலவறையில ஒயின் வினிகர் ஆகாது," என்றார் வால்தேக் அமைதியாக. "அப்படி ஆச்சுன்னா அது நிலவறையே இல்லை. அப்புறம் நிலம் பழைய இடத்துக்குத்தான் போகணும்."

மதாம் ஃப்ளோரியே நாயை இறுக்கிக்கொண்டு ஒரு மடக்கு குடித்தார். கண் கலங்கியது. "என்ன ஆழம்," என்றார். ஐந்து மாடி ஆழம் என்று இரண்டாம் மாடிக்காரர் இருமிக்கொண்டே திருத்தினார். கிளாஸ் சுற்றி வந்தது. முகம் சுளிக்காதவர் இல்லை, புகழாதவரும் இல்லை.

லியோனி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாருக்கே அபராதம் போட்ட பாசில், தம் கிளாஸைக் காலி செய்தார்.

"காத்திருந்தது வீண் போகலைம்மா," என்றார்.

எத்மோன் குனிந்து மனைவியின் காதில் ஏதோ சொன்னான். 'மூன்றாம் மாடி' என்பது மட்டும் எல்லோருக்கும் கேட்டது. லியோனி கிளாஸை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கப்பா."